வாய்க்கா மேட்டுல ரெண்டு மணி நேரம்

ஒம்பது வருசம் ஒரே ஊட்டுல கார் ஓட்டுனவன் எதுக்கு வேலைய உட்டேன்னு கேட்டீங்க. கேக்க வேண்டியதுதானுங்க மேனேஜர் சார். உங்க மொதலாளி ஊட்டு வண்டிய நம்பிக் குடுக்கறீங்க, கேக்காம இருப்பீங்களா? அங்க கணக்கு ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பீங்க. "டீசல் விஷயத்துல கொஞ்சம் அப்படி இப்படி"ன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னாங்கல்ல? உங்க மொகத்துலயே தெரியுது. பரவால்லீங்க. நான் யாருகிட்டயும் இதைச் சொன்னதில்ல. சொல்ற ஆளும் இல்ல. டிரைவருக்கு மொத லட்சணமே வாயைப் பூட்டிக்கறதுதான். ஆனாக்கா திருடன்னு பேரோட இன்னொரு ஊட்டு வாசப்படி ஏற முடியாதுங்களே. அதனால சொல்றேன்.

டீ வேண்டாமுங்க. இப்பத்தான் குடிச்சேன்.

மொதலாளி நவநீதனை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஈரோட்டுல துண்டு, பெட்ஷீட்டு ஏத்துமதி பண்றவரு. அவருக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே நான் அங்க சேர்ந்துட்டேன். பொண்ணு பாக்கப் போனதே என்ற வண்டிலதான். சுகிர்தான்னு பேரு. உடுமலைப்பேட்டைப் பக்கம். கெமிஸ்ட்ரில பெரிய படிப்பு படிச்சு, ஒரு வருசம் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவங்க. என்னை அண்ணான்னு கூப்புடுவாங்க, நான் அம்மிணின்னு சொல்லுவேன். கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகல. அந்த ஊட்டுல அப்படி ஒரு பழக்கமில்ல. அதுல தப்பு சொல்ல முடியாதுங்க. என்ற ஊட்டுக்காரி ருக்குமணிகூடக் கல்யாணத்துக்கு முந்தி கார்மெண்ட்ஸ்ல தையலுக்குப் போயிட்டிருந்தா. நான்தான் நிறுத்துனேன். எதுக்குங்க கஷ்டப்படணும்? ராணியாட்ட ஊட்டுலயே இருன்னுட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன ஜூன் மாசம் பாப்பாவை எல்.கே.ஜி. சேர்த்தாங்க. ஒம்பதரைக்கு உட்டா பன்னண்டு மணிக்குக் கூப்புடணும். ஸ்கூலு ஊட்டுல இருந்து ஒம்பது கிலோமீட்டரு. மொத வாரம் கொண்டுபோய் உட்டுட்டு வந்து, திரும்பப் போய்க் கூட்டிட்டு வந்தோம். மொதலாளியோட அம்மா, நாங்க பெரியம்மான்னு சொல்லுவோம், நெம்ப சிக்கனம். "ரெண்டு தடவை போயி ரெண்டு தடவை வந்தா எண்ணெய் என்னத்துக்காகறது? நீ அங்கயே இருந்து கூட்டிட்டு வந்துரு சுகிர்தா"ன்னாங்க. டீசலை மிச்சம் பண்ணறதுக்காக அவங்க சொன்னதுதான். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிச்சுது.

ஸ்கூலுக்குள்ள தாய்மாருங்களை உக்கார உடமாட்டாங்க. வெளிய ஒரு தகர ஷெட்டு இருக்குது. அங்க நாலஞ்சு பேரு உக்காந்து பேசிட்டிருப்பாங்க. அம்மிணி ஒரு நாள் உக்காந்தாங்க. மறுநாள், "அண்ணா, கொஞ்சம் தள்ளி எங்காவது நிழலா நிறுத்தறீங்களா"ன்னாங்க. காலிங்கராயன் வாய்க்கா மேட்டுல ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்குதுங்க, பெரிய மரம். அங்க போட்டேன். நான் எறங்கி அந்தப் பக்கம் பாலத்துமேல போய் உக்காந்துட்டேன். பொம்பளையாளு தனியா இருக்கற வண்டில டிரைவரு உக்காரக் கூடாது. அது என்ற வழக்கம்.

மொத நாளு கண்ணாடிய எறக்கி உட்டுத்தான் உக்காந்தாங்க. பைக்குல ரெண்டு பசங்க அந்தப் பக்கம் போனாங்க, இந்தப் பக்கம் வந்தாங்க, மறுபடி போனாங்க. நான் எந்திரிச்சு வந்ததும் போயிட்டாங்க. அதுக்கப்பறம் கண்ணாடிய ஏத்தியாச்சு. ஈரோட்டு வெயில்ல கண்ணாடிய ஏத்துனா ஏசி போடாம இருக்க முடியுங்களா? ஏசி போட்டா இஞ்சின் ஓடணும். ரெண்டு மணி நேரம், ரெண்டேகால் மணி நேரம், தெனமும்.

உள்ள என்ன பண்ணறாங்கன்னு நான் பாக்கலீங்க. தூங்கறாங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் டயர் பஞ்சராயிருச்சு. ஸ்டெப்னிய எடுக்கலாம்னு டிக்கில விரிச்சிருக்கற ரப்பர் மேட்டைத் தூக்குனேன். ஸ்டெப்னிக்கு நடுவால, சுத்தி, எல்லாப் பக்கமும் புஸ்தகம். கெமிஸ்ட்ரி புஸ்தகம், நோட்டு, பழைய கேள்வித்தாளு. நான் பாத்துட்டு நின்னேன். அம்மிணி பக்கத்துல வந்து நின்னாங்க.

"அண்ணா, கவர்மெண்டு டீச்சர் பரீட்சைக்குப் படிக்கறேன். ஊட்டுல தெரியாது."

"ஊட்டுலயே படிக்கலாமுங்களே அம்மிணி?"

"அங்க கதவைச் சாத்தினா யாராவது வந்து தட்டுவாங்க. என்ன பண்றே, தலைவலியான்னு கேப்பாங்க. இங்கதான் யாரும் கேக்கறதில்ல."

சரின்னுட்டேன். எடுத்து வெச்சு, டயரை மாட்டி, மறுபடி புஸ்தகத்தையெல்லாம் இருந்தாப்புல அடுக்கி மேட்டைப் போட்டு மூடுனேன். பத்துப் பன்னண்டு கிலோ இருக்கும். அதுவும் டீசல் குடிக்கும். நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப மைலேஜுக்கு வர்றனுங்க. நீங்க டிரைவர் எடுக்கறவரு, உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். அந்த வண்டி என்ற கால்ல டவுனுக்குள்ள லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் குடுத்திட்டிருந்துச்சு. ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்கு பாத்த கணக்கு. தெனமும் எழுவது கிலோமீட்டர் ஓடும். நாலரை லிட்டர்ல முடிஞ்சிரும். ஏசியோட இஞ்சின் நின்ன எடத்துல ஓடுனா மணிக்கு ஒரு லிட்டர் போயிரும். வண்டி ஒரு அடி நகராது, டீசல் மட்டும் போகும். நாளுக்கு ரெண்டு லிட்டருக்கு மேல அங்கயே காலி. பதினாறு எத்தனையாச்சு தெரியுங்களா? பத்தரை.

மொதலாளியோட மில்லுல கணக்குப் பாக்கறவரு திருமூர்த்தின்னு ஒருத்தரு. மாசக் கடைசில என்னைக் கூப்பிட்டு நோட்டை நீட்டுனாரு.

"என்ன மாரப்பா, வண்டி குடிகாரனாயிருச்சு?"

"வெயிலுக்கு ஏசி எச்சா ஓடுதுங்க."

"போன வருசம் வெயிலே அடிக்கலையா?"

சர்வீஸுக்கு உடச் சொன்னாரு. உட்டேன். ஏர் ஃபில்டர் மாத்துனாங்க, இஞ்செக்டரைச் சுத்தம் பண்ணுனாங்க, இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. இஞ்சின் நல்லாயிருக்குது, மைலேஜ் மட்டும் இல்லைன்னா அப்பறம் யாரு மேல சந்தேகம் வரும்? டியூப் போட்டு உறிஞ்சறவன் மேலதான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்க. சொன்னா அம்மிணிக்கு அந்த எடம் போச்சு. சொல்லாட்டி நான் திருடன். பாத்தேன். என்ற கையில என்ன இருக்குது? காலுதான் இருக்குது. நின்ன எடத்துல போறதை ஓடற எடத்துல புடிச்சுருவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

நீங்க சிரிக்கறீங்க. நெஜமாத்தானுங்க. காத்தால டயர் சூடாகறதுக்கு முன்னாடி காத்துப் புடிச்சேன், வாரம் ஒருக்கா. மேல இருந்த கேரியரைக் கழட்டி ஷெட்டுல போட்டேன், அது காத்தைப் புடிச்சு இழுக்கும். வேகத்தடை வர்றதுக்கு நூறடி முன்னாடியே காலை எடுத்துருவேன். கியர்லயே உருண்டு வரணும், நியூட்ரல் பண்ணக் கூடாது. கியர்ல உருண்டா இஞ்சின் ஒரு சொட்டு டீசல் கேக்காது. இது பாதி டிரைவருக்குத் தெரியாது. பிரேக்கு அடிக்கறவன் இருக்கறான் பாருங்க, அவன் செலவு பண்ணி வாங்குன வேகத்தைக் குப்பைல கொட்டறவன். முன்னாடி போற வண்டியப் பாக்கக் கூடாது, அதுக்கு முன்னாடி நாலாவது வண்டியப் பாக்கணும். சிக்னல் செவப்புன்னா அணைச்சுருவேன். ஆக்சிலேட்டர்ல முட்டை இருக்கறாப்புல மிதிப்பேன். மொதலாளிகூடக் கேட்டாரு, "என்ன மாரப்பா, விருந்துக்கு ஒறம்பரை ஊட்டுக்குப் போற மாட்டு வண்டியாட்டப் போறே"ன்னு.

ஓடறதுல மட்டும் இருவது எடுத்தேன் சார். அந்த வண்டில, டவுனுக்குள்ள, இருவது. கம்பெனிக்காரனே எடுக்க மாட்டான். அப்பவும் மொத்தத்துல பன்னண்டேகாலுதான் வந்துச்சு. அப்பறம் அம்மிணிகிட்டப் போய்க் கண்ணாடியத் தட்டுனேன். "இருவது நிமிசம் ஓடட்டுங்க, பத்து நிமிசம் அணைச்சுக்கலாம், உள்ள குளுரு நிக்கும்"ன்னேன். ஏன்னு கேக்கல. சரிங்கண்ணான்னாங்க. அந்தப் பத்து நிமிசத்துல துண்டு வெச்சு மொகத்தைத் தொடச்சுக்கிட்டே படிப்பாங்க. பாலத்துமேல இருந்து பாத்தா தலை மட்டும் தெரியும், குனிஞ்சாப்புல. பதினாலுக்குக் கொண்டாந்துட்டேன்.

திருமூர்த்தி என்ன சொன்னாரு தெரியுங்களா? மொதலாளிகிட்டப் போயி, "பயந்துட்டான் சார், திருட்டைக் குறைச்சிருக்கான். இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது"ன்னு சொல்லியிருக்காரு.

நான் பாடுபட்டுப் புடிச்ச மைலேஜுங்க அது. அதையே எனக்கு எதிரா சாட்சியாக்கிட்டாரு.

பொங்கல் முடிஞ்சு டேஷ்போர்டுக்கு அடியில ஒரு டப்பா மாட்டுனாங்க. வண்டி எங்க ஓடுச்சு, எங்க நின்னுச்சு, நின்னப்ப இஞ்சின் ஓடுச்சா ஓடலையா, எல்லாம் போன்ல வந்துருமாம். மாட்டறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குத் தெரிஞ்சு போச்சு. அம்மிணிகிட்டச் சொன்னேன், "இனி நிறுத்த முடியாதுங்க"ன்னு. "பரீட்சைக்கு ஒன்றரை மாசம்தான் அண்ணா இருக்குது"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நான் மரத்தடில நிறுத்துனேன். வேற என்ன பண்றதுங்க?

நாலு நாள்ல கூப்பிட்டாங்க. ஹால்ல மொதலாளி, பெரியம்மா, திருமூர்த்தி. அம்மிணி சாப்பாட்டு மேஜைகிட்ட பாப்பாவுக்கு ஊட்டிட்டு நின்னாங்க.

"தெனமும் ரெண்டு மணி நேரம் வாய்க்கா மேட்டுல இஞ்சினை ஓட உட்டுட்டு என்னய்யா பண்றே?"ன்னாரு மொதலாளி.

எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க. அம்மிணி மட்டும் கிண்ணத்தைப் பாத்துட்டிருக்கறாங்க.

"தூங்குவனுங்க"ன்னேன். "அம்மிணியை ஸ்கூல்ல உட்டுட்டு, அங்க போய் ஏசியப் போட்டுட்டுத் தூங்குவனுங்க."

பெரியம்மா, "அட பாவி, நம்ம எண்ணெய்ல குளுகுளுன்னு தூங்கியிருக்கானே"ன்னாங்க. திருமூர்த்தி, "தூங்கறவன் உறிஞ்சவும் மாட்டானா சார்"ன்னாரு. மொதலாளி கோபக்காரரு இல்லீங்க. கையை நீட்டுனாரு. சாவியக் குடுத்தேன். ஒம்பது வருசம் அந்தச் சாவி என்ற அங்கராக்குப் பாக்கெட்லயே கெடந்துச்சு.

அம்மிணி ஒரு வார்த்தை சொல்லலீங்க. ஒரே ஒரு வார்த்தை. "அவரு திருடமாட்டாரு"ன்னாவது சொல்லியிருக்கலாம். நான் பொய் சொன்னது அவங்க பேசாம இருக்கணும்னுதான், அது எனக்கே தெரியும். இருந்தாலும் மனசு கேக்குதுங்களா? வாசல்ல செருப்பு போடறப்பகூடத் திரும்பிப் பாத்தேன். பாப்பா வாயில சோறு வெச்சிட்டிருந்தாங்க.

மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் மத்தியானம், எங்க லைன் ஊட்டு முன்னாடி ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. அம்மிணி எறங்கறாங்க. ஒம்பது வருசத்துல அந்த ஊட்டாளுக யாரும் எங்க தெருவுக்கு வந்ததில்ல. ருக்குமணி ஓடிப்போய் நாற்காலியத் தொடைக்கறா. அம்மிணி உக்காரல.

"சொல்லிட்டேண்ணா. நீங்க போனதுல இருந்து அவங்க உங்களைத் திருடன் திருடன்னு பேசறது காதுல விழுந்துட்டே இருந்துச்சு. நேத்து எல்லாத்தையும் அவருகிட்டச் சொல்லிட்டேன்."

எனக்கு நெஞ்சு குளுந்து போச்சுங்க. "என்ன சொன்னாரு?"ன்னு கேட்டேன்.

"சிரிச்சாரு. படிக்கறதுக்கா இவ்வளவு கூத்து, ஊட்டுலயே படிச்சிருக்கலாமேன்னாரு. இன்னிக்குக் காத்தால ஹால்ல ஒரு மேஜை போட்டுக் குடுத்திருக்காங்க. டிவிக்குப் பக்கத்துல."

"அப்பறம் என்னங்க, நல்லதுதானே?"

"அத்தை வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டறாங்க. எங்க மருமக கலெக்டராகப் போறான்னு. காத்தாலருந்து பதினோரு பேரு வந்து என்ன படிக்கறேன்னு கேட்டுட்டாங்க. ஒரு பக்கம் ஓடலண்ணா. பாப்பாவை உட்டதும் நேரா ஊட்டுக்கு வந்துரச் சொல்லிட்டாங்க. புது டிரைவரு எங்கயும் நிறுத்த மாட்டேங்கறாரு. எங்க ஊட்டுக்காரரு உங்களைத் திரும்ப வரச் சொல்றாரு. நீங்க வந்தீங்கன்னா, பழையபடி அங்கயே இருந்து பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்னு நான் கேட்டுப் பாப்பேன். இன்னும் ஒரு மாசம்கூட இல்ல."

நான் சொன்னேன் சார், நிமிந்து நின்னு சொன்னேன். "அம்மிணி, நீங்க உண்மையச் சொன்னீங்க, அது போதும். ஆனா திருடன்னு சொன்ன ஊட்டு வாசப்படிய இனி மாரப்பன் மிதிக்க மாட்டான். மொதலாளி அவரே வந்து கூப்புடட்டும், அப்பப் பாக்கலாம். உங்களுக்குத்தான் மேஜை போட்டுட்டாங்களே, நல்லாப் படிங்க."

மானம்னு ஒண்ணு இருக்குதுங்களே.

அம்மிணி என்னைப் பாத்தாங்க. "சரிங்கண்ணா"ன்னாங்க. ருக்குமணிகிட்டத் தலையாட்டிட்டு வெளிய போனாங்க. ஆட்டோக்காரன் அத்தனை நேரமும் இஞ்சினை அணைக்காமலே நின்னிருக்கறான். "ஏப்பா, நிக்கறப்ப அணைச்சுப் போடறதில்லையா, எண்ணெய் சும்மாவா வருது"ன்னு அவனுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புனேன்.

உள்ள வந்தா ருக்குமணி அந்த நாற்காலியவே பாத்துட்டு நிக்கறா.

"அந்தப் புள்ள என்ன கேட்டு வந்துச்சுன்னு உனக்குத் தெரியுதா?"

"என்னை வேலைக்குக் கூப்பிட வந்துச்சு. திருடன்னு சொன்ன ஊட்டுக்கு நான் போகணுமா?"

"அந்தப் புள்ள உன்னைத் திருடன்னு சொல்லுச்சா?"

அப்பறம் அவளே "ரெண்டு மணி நேரம் கேட்டு வந்துச்சுய்யா"ன்னா. "எனக்குக் கேக்கத் தெரியல. அது கேக்குது. நீ மானத்தைப் பேசறே." சொல்லிட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டா.

அவளுக்கு எதுக்குக் கோபம்? அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இன்னி வரைக்கும் எனக்குப் புரியலீங்க. அடுத்த வாரமே பழைய கார்மெண்ட்ஸுக்குத் தையலுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. நான் ஊட்டுல இருக்கறப்ப நீ போகக் கூடாதுன்னேன். டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போயிட்டா. நான் வேலையில்லாம இருக்கறேன், அதனாலதான்னு நெனச்சுக்கறேன். ஆனா சாயங்காலம் வர்றப்ப மொகம் தெளிவா இருக்குதுங்க. எட்டு மணி நேரம் மிஷின்ல குனிஞ்சு வந்தவ களைச்சுப்போயில்ல வரணும்?

அவ சொன்னது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப எனக்கு ஊட்டுல இருப்பே கொள்ளல. பக்கத்து ஊட்டு மொபெட்டை வாங்கிட்டு வாய்க்கா மேட்டுக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பாலத்துமேல, வழக்கமா உக்கார்ற எடத்துலயே உக்காந்தேன். மரத்தடில யாரும் இல்ல. ஒம்பதே முக்காலுக்கு வண்டி வந்துச்சு. சத்தத்தை வெச்சே அது நம்ம வண்டின்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

நிறுத்துவாங்கன்னு ஒரு நெனப்பு. நிறுத்துனா நான் போய்க் கண்ணாடியத் தட்டி, மொதலாளி கூப்புடலைன்னாலும் நாளைக்கே வர்றேன்னு சொல்லியிருப்பேனுங்க. சத்தியமா சொல்லியிருப்பேன்.

புது டிரைவரு பையன் நிறுத்தல. பின்னாடி சீட்டுல அம்மிணி இருந்தாங்க. கையில புஸ்தகம் இல்ல. மரத்தைப் பாத்தாங்க, வண்டி தாண்டினப்பறமும் தலையத் திருப்பி மரத்தையே பாத்தாங்க. நான் பாலத்துமேல எந்திரிச்சு நிக்கறேன், என்னைப் பாக்கல. மேடு ஏறற எடத்துல அந்தப் பையன் நாலாவது கியர்லயே மிதிக்கறான். இஞ்சின் தெணறுது, தடதடன்னு அடிச்சுக்குது, கரும்பொகை கக்குது. எனக்கு வாய்ல வந்தது அதுதான். "டேய், மூணுல போடுறா, வண்டி மூச்சு முட்டுதுடா, மூணுல போடு"ன்னு கத்துனேன். கத்திக்கிட்டே பத்தடி ஓடுனேன்.

கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்துச்சு சார். உள்ள இருக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?